பட்டியல் மூடிய வெள்ளிக்கிழமை

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்டால் பதில் வர மூன்று வாரமாகும். அதனால் நீ நலமாக இருக்கிறாய் என்று நானே எழுதிக்கொள்கிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் போனில் நீ 'ம்' கொட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. அந்த 'ம்'மை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. ஏப்ரல் 20, திங்கட்கிழமை, ஆபரேஷன். இடது கண் பத்து வருஷமாகவே பெயருக்குத்தான் இருக்கிறது, உனக்குத் தெரியும். "தம்பி வருவானா?" என்று கேட்டாள். வருவான் என்று சொல்லியிருக்கிறேன். வந்து சேர். அத்தான் ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டில் ஒரு ஸ்க்ரூவையும் விட்டுவைக்கவில்லை. போன வாரம் குளியலறைக் கதவைக் கழற்றி மாட்டினார். இப்போது அதை வெளியிலிருந்துதான் தாழ் போட முடிகிறது. உள்ளே போகிறவர் பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

இனி அறக்கட்டளைச் செய்தி. காலாண்டு மடலை முடித்து அனுப்பிவிட்டேன். புதிதாக எழுபது பேர் நம் சிட்டு கணினி மொழிக்குத் திருத்தங்கள் அனுப்பியிருக்கிறார்கள். ஏதோ ஒரு நகரத்தில், அடுத்த பஸ் எப்போது என்று காட்டும் பலகைகள் முழுக்கச் சிட்டுவில் எழுதிய நிரலில் ஓடுகின்றனவாம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் விடுதி அறையில் உட்கார்ந்து நீ எழுதிப் போட்ட மொழி, முன்பின் தெரியாத ஊரில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு நேரம் சொல்கிறது. எனக்கு அதில் ஒரு வரி நிரல்கூட எழுத வராது. கல்லூரித் தேர்வுப் பிரிவில் இருபத்தாறு வருஷம் பட்டியல் போட்டவள் என்று நீதான் என்னை இழுத்து வந்து செயலாளர் நாற்காலியில் உட்கார வைத்தாய். இருந்தாலும் அந்தப் பஸ் செய்தியை எழுதும்போது பெருமையாக இருந்தது. மடலில் பெருமையைப் போட முடியாது, அதனால் இங்கே போடுகிறேன்.

அடுத்தது நல்ல செய்தி இல்லை. நீ பார்த்திருக்க மாட்டாய் என்பதால் சொல்கிறேன். திங்கட்கிழமை அறக்கட்டளையின் இணையப் பொதுப் பலகையில் ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. கொண்டுவந்தவன் நாம் மீசை என்று கூப்பிடும் அந்தப் பையன். நிறுவனருக்கு நிர்வாகக் குழுவில் இருக்கும் நிரந்தர இடத்தையும், மொழியில் எந்த மாற்றம் என்றாலும் அவருடையதே இறுதிச் சொல் என்ற விதியையும் சாசனத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்கிறது. நிறுவனர் என்றால் நீ. காரணத்தை மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறான். நாற்பத்தொரு முன்மொழிவுகள் உன் இறுதிச் சொல்லுக்காக ஏழு மாதமாகக் காத்துக் கிடக்கின்றன. நீ சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. புதிய பதிப்பு அதனால் நின்றுபோயிருக்கிறது.

வாக்கெடுப்பு ஏப்ரல் 6 முதல் 12 வரை. வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரித்தால் தீர்மானம் நிறைவேறும். செயலாளருக்கு வாக்கு கிடையாது, நான் எந்தப் பக்கமும் இல்லை. அக்கா என்ற முறையில் கேட்கிறேன். ஏழு மாதமாக உனக்கு என்னடா ஆயிற்று?

அன்புடன்,
அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரம் என்றாய், ஒரே வாரத்தில் எழுதுகிறேன். இதையும் கூட்டக் குறிப்பில் ஏற்றிக்கொள்.

தீர்மானத்தைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறான். அவன் முதன்முதலாக ஒரு திருத்தம் அனுப்பியபோது அவனுக்கு மீசையே முளைத்திருக்கவில்லை. ஆறு முறை திருப்பி அனுப்பி, ஏழாவது முறை ஏற்றுக்கொண்டேன். அன்றைக்கு அவன் குதித்த குதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இப்போது என்னையே திருத்த வந்துவிட்டான். கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய்.

என்ன ஆயிற்று என்று கேட்டாய். அலுவலக வேலை ஒழுங்காக நடக்கிறது. கிடங்கில் எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்று சொல்லும் நிரல், அதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். வீட்டுக்கு வந்து சிட்டுவைத் திறந்தால்தான் முதல் வரியைப் படித்ததுமே மூடிவிடுகிறேன். ஒவ்வொரு முன்மொழிவுக்குப் பின்னாலும் இருநூறு பேர் சண்டை போட்டு வைத்திருக்கிறார்கள். சரி என்றால் நூறு பேர் திட்டுவார்கள், வேண்டாம் என்றால் மிச்சம் நூறு பேர். போன ஆகஸ்டில் ஒருவன் என் மகள் படிக்கும் பள்ளியின் பெயரைச் சொல்லித் திட்டி எழுதியிருந்தான். அதற்கு அப்புறம்தான் இப்படி ஆயிற்று என்று நினைக்கிறேன். அறக்கட்டளையிலிருந்து வரும் மின்மடல்கள் எல்லாம் கண்ணில் படாமல் ஒரு தனிப் பெட்டிக்குப் போகும்படி செய்து வைத்திருக்கிறேன். உன் கடிதம் மட்டும் நேராக வரும். பல் டாக்டர் (என் மனைவியை நீ அப்படித்தானே கூப்பிடுகிறாய்) என்னை இழுத்துக்கொண்டு போய் ஒரு மனநல மருத்துவர் முன்னால் உட்கார வைத்தாள். மாத்திரை சாப்பிடுகிறேன். கொஞ்சம் தேவலை. அம்மாவிடம் சொல்லாதே.

ஆனால் அந்த இடத்தை நான் விட மாட்டேன் அக்கா. பிடிவாதம் என்று நினைப்பாய். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் சிட்டு. அதில் கடைசி வார்த்தை என்னுடையது இல்லை என்று ஆகிவிட்டால் நான் கிடங்கில் பெட்டி தேடிக் கொடுக்கிற ஆள், அவ்வளவுதான். காலையில் எழுந்து பல் தேய்க்க ஒரு காரணம் வேண்டாமா?

ஒரு உதவி கேட்கிறேன். வாக்கெடுப்பை ஒரு மாதம் தள்ளிப் போடு. நாற்பத்தொன்றுக்கும் பதில் எழுத ஆரம்பித்துவிட்டேன். நாளுக்கு ஒன்று, முடிந்தால் இரண்டு. எல்லாவற்றையும் முடித்துவிட்டு மொத்தமாக அனுப்பலாம் என்று இருக்கிறேன். தள்ளிப் போட முடியாது என்றாலும் பாதகமில்லை. என் பக்கம் அறுபது பேராவது இருப்பார்கள், அதோடு என் வாக்கும் இருக்கிறது. தீர்மானம் விழுந்துவிடும்.

ஏப்ரல் 20 கட்டாயம் வருகிறேன். அத்தானை ஆஸ்பத்திரிக் கதவுகள் பக்கம் விடாதே.

அன்புடன்,
தம்பி


மார்ச் 18

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. ஏழு மாதம் இத்தனையையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு 'ம்' கொட்டிக்கொண்டிருந்தாயா? குழந்தையின் பள்ளிப் பெயரைப் போட்டவனை அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால் ஒழுங்குக் குழுவில் வைத்து ஒரு வழி பண்ணியிருப்பேன். நேற்று அவர்களிடம் புகார் கொடுத்துவிட்டேன். இனி அவன் நம் பலகையில் எழுத முடியாது. மாத்திரையை விடாதே. பல் டாக்டருக்கு என் நன்றியைச் சொல். நாத்தனார் நன்றி சொன்னாள் என்றால் மயங்கி விழுந்துவிடுவாள், நாற்காலியில் உட்கார வைத்துச் சொல்.

தள்ளிப் போட முடியாது. தேதியை அறிவித்தாயிற்று. ஒரு நாள் தள்ளினாலும் "தம்பிக்காக அக்கா தள்ளிட்டாங்க" என்பார்கள், அப்படிச் சொல்வது தப்பும் இல்லை. நீயே என்னை இந்த நாற்காலியில் உட்கார வைத்த அன்று என்ன சொன்னாய்? "அக்கா, எனக்குச் சாதகமா ஒண்ணும் செய்யாதே, அதுதான் நீ எனக்குச் செய்ற உதவி" என்றாய். ரொம்பப் பெரிய மனுஷன் மாதிரி சொன்னாய். நானும் நம்பிவிட்டேன்.

வாய்விட்டுச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்கு வர வேண்டிய வசவில் பாதி எனக்குத்தான் வருகிறது. பதிப்பு எப்போது, நிறுவனர் உயிரோடு இருக்கிறாரா, இதெல்லாம் தினமும் என் பெட்டியில் விழுகிறது. "அவருக்கு வேலை அதிகம், விரைவில் பதில் சொல்வார்" என்று பதினோரு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது அந்த வாக்கியத்தை என் விரல்களே தட்டிவிடுகின்றன. நாற்பத்தொன்றுக்கும் பதில் எழுதுவேன் என்கிறாய். எழுது. இதற்கு முன்னாலும் மூன்று முறை சொல்லியிருக்கிறாய், அதையும் நினைவில் வைத்துக்கொள்.

அப்புறம், எல்லோருக்கும் போகிற மடல்களைத் தனிப் பெட்டியில் போட்டு மூடி வைப்பது நல்ல பழக்கம் இல்லை. எட்டிப் பார்.

அம்மா தினமும் காலண்டர் பக்கத்தில் போய் நின்று 20ஆம் தேதியைத் தடவிப் பார்க்கிறாள். எண் தெரிவதில்லை, எந்த வரிசையில் எத்தனாவது கட்டம் என்று எண்ணி வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். காலை ஒன்பது மணிக்கு எல்லோருக்கும் வாக்குச் சீட்டு வந்துவிட்டதாகப் பலகையில் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு வரவில்லை. தனிப் பெட்டியையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். ஏதோ தொழில்நுட்பக் கோளாறு என்று நினைக்கிறேன். சீட்டை மறுபடி அனுப்பச் சொல். ஞாயிறு வரை நேரம் இருக்கிறது, பதற்றம் ஒன்றும் இல்லை.

இருபதாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், அம்மாவிடம் சொல்.

தம்பி


ஏப்ரல் 7

அன்புள்ள தம்பிக்கு,

கோளாறு ஒன்றும் இல்லை. வாக்காளர் பட்டியலில் உன் பெயர் இல்லை.

விதி ஒன்பதை உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வாக்குரிமை உள்ளவர்கள் ஒவ்வொரு வருஷமும் 'தொடர்கிறேன்' என்று ஒரு பதில் அனுப்ப வேண்டும். அனுப்பாதவர் பெயர் அந்த வருஷப் பட்டியலில் வராது. எப்போதோ விலகிப் போனவர்கள் பெயரெல்லாம் பட்டியலில் கிடந்து, போதுமான பேர் வாக்களிக்கவில்லை என்று இரண்டு வருஷம் ஒரு தீர்மானமும் நிறைவேறாமல் நின்றபோது, நீயே உட்கார்ந்து எழுதிய விதி அது. நிறுவனருக்கு விலக்கு வேண்டுமா என்று அப்போது பொருளாளர் கேட்டார். வேண்டாம் என்று சொன்னவனும் நீதான். குறிப்பு என்னிடம் இருக்கிறது.

போன வருஷம் வரை நீயே ஒழுங்காக அனுப்பிவந்தாய். இந்த வருஷம் எல்லோருக்கும் மூன்று நினைவூட்டல் போனது. கடைசி நாள் ஏப்ரல் 3, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி. உன்னிடமிருந்து பதில் வரவில்லை. ஆறு மணிக்குப் பட்டியலை மூடினேன். மூடிய பட்டியலில் யாரையும் சேர்க்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. உனக்காக ஒரு முறை திறந்தால், அப்புறம் அதற்குப் பட்டியல் என்று பெயர் கிடையாது.

இதை எழுதக் கை கூசுகிறது. வேறு வழியும் தெரியவில்லை. அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. டிக்கெட் எடுத்துவிட்டாய் என்று சொன்னதும் இரண்டு தலையணைக்கு உறை மாற்றி வைத்திருக்கிறாள்.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

முடிவைப் பார்த்தேன். வாக்களித்தவர்கள் நூற்று எண்பத்து மூன்று பேர். ஆதரவு நூற்று இருபத்திரண்டு, எதிர்ப்பு அறுபத்தொன்று. சரியாக மூன்றில் இரண்டு பங்கு. எதிராக இன்னும் ஒரே ஒரு வாக்கு விழுந்திருந்தால் தீர்மானம் தோற்றிருக்கும். அந்த ஒரு வாக்கு யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பலகையில் மூன்று பேர் இதே கணக்கைப் போட்டுச் சிரித்திருக்கிறார்கள். சிட்டுவை உண்டாக்கியவனுக்குச் சிட்டு ஊரில் ஓட்டு இல்லை என்று ஒருவன் எழுதியிருக்கிறான். நானும் சிரித்துப் பார்த்தேன், வரவில்லை.

தப்பு என்னுடையதுதான். மடல்களை மூடி வைத்தது நான், விதியை எழுதியதும் நான். அதில் உன்னோடு எனக்குச் சண்டை இல்லை.

எனக்குத் தெரிய வேண்டியது வேறு. நீ பட்டியலை எப்படி மூடுவாய் என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் ஹால் டிக்கெட் பட்டியலை எப்படிப் பார்த்தாயோ அப்படித்தான் பார்ப்பாய். அச்சடித்து, மேலே அடிக்கோலை வைத்து, பெயர் பெயராக. அப்படிப் பார்த்தபோது என் பெயர் இல்லாததை நீ பார்த்தாயா? ஆறு மணிக்கு முன்னால் பார்த்தாயா? மார்ச் 18 அன்று 'எட்டிப் பார்' என்று எழுதினாயே, அப்போதே தெரியுமா?

பார்க்கவில்லை என்றால் ஒரு வரி எழுது, நம்பிவிடுகிறேன். உன் வார்த்தையை நான் எப்போது நம்பாமல் இருந்திருக்கிறேன்?

தம்பி


ஏப்ரல் 17

அன்புள்ள தம்பிக்கு,

பார்த்தேன்.

மார்ச்சில் தெரியாது. அது சும்மா திட்டியதுதான். ஏப்ரல் 2, வியாழக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். சாப்பாட்டு மேஜையில் அதுவரை பதில் அனுப்பியவர்கள் பட்டியலை விரித்து, நீ சொன்ன மாதிரியே அடிக்கோல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். அகர வரிசையில் உன் பெயருக்கு முன்னால் வருகிறவரும் பின்னால் வருகிறவரும் அடுத்தடுத்த வரியில் நின்றார்கள். அடிக்கோலை மேலே நகர்த்தி மறுபடி பார்த்தேன். போனை எடுத்தேன். உன் எண்ணும் திரையில் வந்துவிட்டது. உள்ளேயிருந்து அம்மா, "யாருக்கு போன் பண்றே?" என்று கேட்டாள். "யாருக்கும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

செயலாளர் தனி ஒருவருக்கு நினைவூட்டக் கூடாது, சொன்னால் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. எனக்கு முன்னால் இருந்தவர் தன் சிநேகிதர்களுக்கு மட்டும் போன் போட்டு ஒரு வாக்கெடுப்பையே சாய்த்தாரே, அதற்கப்புறம் வந்த விதி. விதியை மீறவில்லை என்று உனக்கு எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தம்பிக்கு போன் போடுவதற்கு எந்த அக்காவும் விதிப் புத்தகத்தைப் புரட்ட மாட்டாள். நான் புரட்டினேன் என்றால் எனக்கு அந்த விதி தேவைப்பட்டது என்று அர்த்தம்.

உன் பெயர் இல்லை என்று பார்த்ததும் எனக்கு ஆறுதலாக இருந்தது, தம்பி. நீ தோற்றால் நல்லது என்று நினைத்தேன். தோற்றால் மாத்திரை இல்லாமல் தூங்குவாய், மகளோடு உட்கார்ந்து சாப்பிடுவாய், அந்த மொழி உன்னைத் தின்றது போதும் என்று நினைத்தேன். அது நிஜம். ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் என் நாக்கு வெந்துவிடும். கோபமும் இருந்தது. பதினோரு வருஷமாக உனக்காக மன்னிப்புக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நீ பதில் சொல்லாமல் விட்டதற்கெல்லாம் ஒரு நாள் நீயும் பதில் இல்லாமல் நிற்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஒருத்தி சொன்னாள். அவளும் நான்தான். இரண்டில் எது பெரிது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நிர்வாகக் குழுவுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். முன்கூட்டியே பார்த்தேன், சொல்லவில்லை என்று. 'செயலாளர் விதிப்படி நடந்துள்ளார்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். கூட்டக் குறிப்பில் அந்த வரியை நானேதான் எழுதினேன்.

முடிவை எதிர்த்து முறையிட 27ஆம் தேதி வரை உனக்கு நேரம் இருக்கிறது. இந்தக் கடிதத்தை இணைத்துக்கொள். அக்கா எழுதியது என்று தயங்காதே.

திங்கட்கிழமை ஆபரேஷன். எட்டு மணிக்குக் கிளம்புகிறோம். வா.

அக்கா


ஏப்ரல் 24

பெறுநர்: செயலாளர், சிட்டு மொழி அறக்கட்டளை

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் 17ஆம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது. வாக்கெடுப்பு முடிவை எதிர்த்து நான் முறையிடப் போவதில்லை. தங்கள் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன்.

அறக்கட்டளையின் இணையதள முகவரி இதுநாள் வரை என் சொந்தப் பெயரில் இருந்தது. அதை அறக்கட்டளையின் பெயருக்கு மாற்றும் படிவத்தில் கையெழுத்திட்டு இணைத்துள்ளேன். புதிய பதிப்புகளுக்கு ஒப்புதல் இடும் உரிமையையும், அதற்கான கடவுச்சொற்களையும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரிடமே ஒப்படைத்துவிட்டேன். இனி எனக்கு எந்த மடலும் அனுப்ப வேண்டியதில்லை.

நிலுவையில் இருந்த நாற்பத்தொரு முன்மொழிவுகளில் முப்பத்து நான்குக்கு நான் பதில் எழுதி முடித்திருந்தேன். காரணங்களும் உதாரணங்களும் அதில் உள்ளன. நாற்பத்தொன்றும் முடிந்த பிறகு சேர்த்து அனுப்பலாம் என்று வைத்திருந்தேன். இப்போது அவற்றுக்கு மதிப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் யாருக்காவது பயன்படலாம் என்று இணைத்துள்ளேன்.

அம்மாவின் ஆபரேஷனுக்கு வர இயலவில்லை. மே 11, திங்கட்கிழமை, மறுபரிசோதனைக்கு நான் வந்து அழைத்துச் செல்கிறேன். காலை பத்து மணிக்கு வருவேன். அந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
முன்னாள் நிர்வாகக் குழு உறுப்பினர்


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

செயலாளருக்கு நீ எழுதிய கடிதத்தைச் செயலாளர் படித்தாள், கோப்பில் சேர்த்தாள், பெற்றுக்கொண்டதற்குப் பதிலும் போட்டுவிட்டாள். இது அக்கா எழுதுவது.

முப்பத்து நான்கு பதில்களையும் மீசைக்கு அனுப்பினேன். மறுநாள் மத்தியானம் போன் செய்தான். "அக்கா, இவ்வளவும் அவர் எழுதி வெச்சிருந்தாரா?" என்றான். ஆமாம் என்றேன். "எனக்கு ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா தீர்மானத்தையே வாபஸ் வாங்கியிருப்பேனே" என்றான். எனக்கும் தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் எனக்குத் தெரியும். மார்ச் 11 அன்று நீ எழுதியிருந்தாய், நாளுக்கு ஒன்று, முடிந்தால் இரண்டு என்று. நான்தான் நம்பவில்லை. பழைய கணக்கை எடுத்துக் குத்திக்காட்டினேன். என் வார்த்தையை நீ நம்பாமல் இருந்ததில்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படிக்கும்போது எனக்கு இது உறைக்கவில்லை. இப்போது உறைக்கிறது. போன் போடாததைவிட இதுதான் பெரிய துரோகம்.

ராஜினாமா செய்யவில்லை. செய்தால், உன்னிடம் மன்னிப்பு வாங்குவதற்காகச் செய்தது போல ஆகிவிடும். நீ எழுதிய காரணங்களை வைத்துப் புதிய பதிப்பை ஜூனில் வெளியிடப் போகிறார்கள். எந்தப் பதில் யாருடையது என்று ஒவ்வொன்றிலும் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதை நீ பார்க்க மாட்டாய்.

அம்மாவுக்குக் கட்டு அவிழ்த்தாயிற்று. வெளிச்சம் நன்றாகத் தெரிகிறது, ஜன்னல் கம்பிகளை எண்ணுகிறாள். புதுக் கண்ணாடி வரும்வரை எதையும் படிக்க முடியாது. உன் கடிதத்தை அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காகிதச் சத்தம் கேட்டு, "தம்பி லெட்டரா? படி" என்றாள்.

படித்தேன். 'அன்புள்ள அக்காவுக்கு' என்று ஆரம்பித்தேன். 'நீங்கள்' என்று இருந்த இடத்தில் 'நீ' என்று படித்தேன். வேலை நெருக்கடி, அதனால்தான் ஆபரேஷனுக்கு வர முடியவில்லை, கண் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய் எனப் படித்தேன். குழந்தை ஏதோ பரிசு வாங்கியது, பல் டாக்டர் எல்லோரையும் விசாரித்தாள் என்றெல்லாம் சொன்னேன். அத்தானைப் பற்றி ஒரு கிண்டலும் சேர்த்தேன். அம்மா சிரித்தாள். வருஷக்கணக்காகக் கூட்டக் குறிப்பு வாசித்திருக்கிறேன், ஒரு வார்த்தை மாற்றி வாசித்தது கிடையாது. இதை மளமளவென்று வாசித்தேன்.

முடித்ததும், "இன்னொரு தடவை படி" என்றாள் அம்மா.

முதல் தடவை என்ன படித்தேன் என்று எனக்கு நினைவில்லை. குழந்தை பரிசு வாங்கியது பாட்டிலா ஓட்டத்திலா என்று மறந்துபோய்விட்டது. அத்தான் கிண்டல் வேறு மாதிரி வந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன். அம்மா கையை நீட்டி அந்தக் காகிதத்தை வாங்கி, மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "நிஜமா என்னதான் எழுதியிருக்கான்?" என்று கேட்டாள். நான் அழுதுவிட்டேன். அவள் காகிதத்தைத் திருப்பித் தரவில்லை. தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். கண்ணாடி பதினோராம் தேதி வருகிறது.

அன்றைக்கு நான் வீட்டில்தான் இருப்பேன். இருக்க வேண்டாம் என்று நீ எழுதியிருப்பதைப் படித்தேன், இருந்தாலும் இருப்பேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அம்மா அதைப் படிக்கும்போது நீ ஒரு பக்கம் இருந்தால் நான் மறுபக்கம் இருக்க வேண்டும். நீ என்னோடு பேச வேண்டாம். வந்து அவள் பக்கத்தில் உட்கார்.

அக்கா